தூணடிக் கல்

காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் குமாரபாளையம். தறிச் சத்தத்துக்குப் பேர்போன இந்த ஊரின் பழைய ஓட்டு வீடு ஒன்றில், காரை பெயர்ந்த திண்ணைக்குக் கல் போடுவதாக வைத்துக்கொள்வோம். கிரானைட் இறங்கிவிட்டது; கொத்தனார் ரசமட்டமும் கையுமாக நிற்கிறார். இந்த நேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்று திண்ணையிலேயே இருக்கிறது. மரத்தூணுக்கு அடியில், தரைக்கு மேல் நாலைந்து அங்குலம் தலைநீட்டி நிற்கும் கல்.

பழைய தரையைக் கொத்தி எடுக்கச் சோம்பல்பட்டு, அதன் மேலேயே இரண்டு அங்குலக் கலவையும் முக்கால் அங்குலக் கல்லுமாக ஏற்றினால், அந்தத் தூணடிக் கல் பாதிக்கு மேல் புதைந்துவிடும். உயரம் குறைந்த கல்லாக இருந்தால் மரத்தின் அடியே தரைக்குள் போய்விடும். வேலை முடிந்த அன்று பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். தூணுக்கு அன்றைக்கே நோய் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.

மரத்தூணை நிமிர்த்தி நிறுத்தும்போது அதன் வெட்டுமுகம் கீழே போகிறது. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் கடத்திய நுண்குழாய்களின் வாய்கள் அத்தனையும் இருப்பது அங்கேதான். மரம் செத்து நூறு வருஷம் ஆனாலும் குழாய் குழாய்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள குழாயில், நன்றாக ஒட்டிப் படரும் பரப்பாக இருந்தால், தண்ணீர் தானாகவே 30 சென்டிமீட்டர் வரை ஏறிவிடும். பம்பும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். பரப்பு இழுவிசை ஒன்றே போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். தேக்கின் வைரத்தில் இந்தக் குழாய்கள் பலவும் அடைபட்டிருக்கும், பூச்சிக்குப் பிடிக்காத பொருள்களும் ஊறியிருக்கும். அதனால்தான் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. வெளிப்புற வெள்ளைப்பகுதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நாமக்கல் சமவெளியில் மழை அப்படியொன்றும் கொட்டித் தீர்ப்பதில்லையே என்று தோன்றலாம். திண்ணைத் தூணுக்கு மழையைவிடப் பெரிய எதிரி வாளி. வெள்ளிக்கிழமை தோறும் திண்ணையைக் கழுவி விடுகிற தண்ணீர், கல்லுக்கும் மரத்துக்கும் இடையிலுள்ள மயிரிழைச் சந்தில் இறங்கி, வெயில் படாத கலவைக்குள் நாள்கணக்கில் தங்குகிறது. மரத்தின் எடையில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி பிறக்கும். 30 சதவீதத்தை நெருங்கினால் கொண்டாட்டம்.

பூஞ்சைக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். முழுக்கக் காய்ந்த மரம் உளுக்காது. முழுக்கச் சேற்றில் அமிழ்ந்த மரமும் லேசில் உளுக்காது. பழைய முசிறியின் துறைமுகம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதும் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரில், 2007-ல் தோண்டியபோது சுமார் 6 மீட்டர் நீள மர ஓடம் ஒன்று கிடைத்தது. கிட்டத்தட்ட 2,000 ஆண்டு காற்றுப் படாத ஈரச்சேற்றில் கிடந்திருக்கிறது. கெடுவது நடுவில் மாட்டிக்கொண்ட மரம். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கிற அந்த ஓரிரு அங்குலத்தில்தான் தூண் உயிரை விடுகிறது. மேலே தட்டிப் பார்த்தால் கணீரென்று கேட்கும், அடியில் கத்தி இறங்கும்.

இதற்கு ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக ஒரு சோதனையே நடந்திருக்கிறது. இசே கோயிலின் மரத்தூண்களை நேராக மண்ணில் நட்டுவிடுவார்கள். 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயிலையே புதிதாகக் கட்டுவது அங்கே மரபு, கடைசியாக 2013-ல் கட்டினார்கள். நாரா அருகே ஹோர்யுஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரத்தில் சுற்றுத் தூண்கள் கல்மேல் நிற்கின்றன. நடுத்தூணை மட்டும் மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள். அந்த மரம் 594-ல் வெட்டப்பட்டது என்று ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். 1926-ல் அடியைப் பார்த்தபோது புதைந்த பகுதி உளுத்துக் குழியாகிக் கிடந்தது. கல்மேல் நின்ற தூண்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டு தாண்டியும் கோபுரத்தைத் தாங்குகின்றன. ஒரே கட்டடம், ஒரே மழை.

நம் தூணடிக் கல் செய்வதும் அதே வேலை. இந்த வட்டாரத்துப் பாறையில் துளைவெளி ஒரு சதவீதம்கூடத் தேறாது. கீழிருந்து வரும் ஈரம் அதோடு நின்றுவிடும். கறையான் விஷயத்தில் கல்லின் உதவி வேறு மாதிரி. கறையானைக் கல் தடுக்காது. மறைவாகப் போக விடாது. மண்ணிலிருந்து மரத்துக்குப் போக வேண்டுமானால், எல்லோர் கண்ணுக்கும் தெரிய அந்தக் கல்லின் மேல் மண்குழாய் கட்டித்தான் ஏற வேண்டும். தரையை உயர்த்திக் கல்லை மூடுகிறவர் கறையானுக்குச் சுரங்கப்பாதை அமைத்துத் தருகிறார்.

ஆக, பழைய தரையைக் கொத்தி எடுத்த பிறகுதான் புதுக் கல். கிரானைட் முட்ட வேண்டியது தூணடிக் கல்லில், மரத்தில் அல்ல. மரத்தை ஒட்டியே போட நேர்ந்தால் சுற்றிலும் கால் அங்குலமாவது இடைவெளி வேண்டும். இடுக்கில்லாமல் போடுவதுதான் நல்ல வேலை என்று நம்மில் பலருக்கு எண்ணம். இங்கே அது தப்பு. எட்டு அங்குலத் தேக்குத் தூண் கோடைக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே குறுக்குவாட்டில் இரண்டு மில்லிமீட்டர் வரை பருத்து இளைக்கும். நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. சிமெண்ட் அதற்கு வளைந்து கொடுக்காது, விரிசல் விடும், அந்த விரிசலில் வாளித் தண்ணீர் இறங்கும். இடைவெளியை அடைத்தே தீருவேன் என்பவர்கள் இழுத்தால் நீளும் சீலண்ட் போடலாம்.

தூணுக்காகக் கல்லில் வெட்டும்போது உள்மூலையைக் கூராக விட்டால், நாளைக்கு விரிசல் கிளம்புவது அந்த முனையிலிருந்துதான். முதலில் மூலையில் வட்டத் துளை போட்டு, பிறகு துளை வரைக்கும் அறுக்க வேண்டும். தெருப்பக்கமாக மூன்றடிக்கு அரை அங்குலம் வாட்டம் போதும். கண்ணாடி பாலிஷ் கல் திண்ணைக்கு ஆகாது, நனைந்தால் வழுக்கும். ப்ளேம் செய்த கல்லைக் கேளுங்கள்: நெருப்புப் பட்டதும் கல்லிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் சட்டென்று விரிகின்றன, 573 டிகிரி செல்சியஸில் அவற்றின் படிக அமைப்பே மாறுகிறது, மேல்தோல் பொரிந்து உதிர்ந்து சொரசொரப்பாகிவிடுகிறது. குவார்ட்ஸ் இல்லாத கறுப்புக் கல்லில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது.

ஏற்கெனவே அடி உளுத்த தூணை முழுதாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து, ஜாக்கி வைத்துப் பாரத்தை ஏந்திக்கொண்டு, கெட்டுப்போனதை நல்ல மரம் தெரியும் மட்டும் அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குப் புதுக் கல் வைத்து இறக்கலாம். கிரானைட்டில் கை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.