மயில்கழுத்தைப் படம்பிடிக்க

காஞ்சிபுரத்து மயில்கழுத்துச் சேலையைப் படமெடுப்பது லேசல்ல. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். திருப்பினால் சேலையே மாறும். ஒற்றைப் படத்தைவிடச் சின்ன வீடியோ மேல்.

சரிகை இன்னும் படுத்தும். பட்டு நூலில் சுற்றிய வெள்ளி, அதன்மேல் தங்கமுலாம். ஃபிளாஷ் பட்டால் வெளுத்துவிடும். போலரைசர் ஃபில்டரும் உலோகப் பளபளப்பை அவ்வளவாக அடக்காது. ஜன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் வடிகிற பகல் வெளிச்சத்தில் எடுப்பதே மலிவான வழி. டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இருவகை வெளிச்சம் கலந்தால் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் குழம்பி, அரக்கு வேறு நிறமாகிவிடும்.

2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பட்டு இது. அப்படியிருந்தும் இணையத்தில் விற்கிற பலர் படத்தை முந்தானையோடு நிறுத்திக்கொள்வது ஏனோ! உடலையும் கரையையும் கோக்கும் கோர்வையை மேக்ரோவில் காட்டலாமே. வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் படம் சுருங்காது, இழையும் தெரியும்.