கடுக்காய் யார் கொண்டுவந்த சீதனம்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் ஏறினால், சமவெளிப் புழுக்கம் கொண்டை ஊசி வளைவுகள் வந்த பிறகுதான் நம்மை விடும். ஜவ்வாது மலை மழைக்காடு இல்லை, பெரும்பகுதி இலையுதிர் காடு. சந்தனத்துக்குப் பேர்போன இடம். நான் போனது கடுக்காய்க்காக. திரும்பி வந்தது ஒரு கதையோடு.

இங்கே வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாவை நினைச்சுக்காதீங்க, இவர்கள் பேசுவது தமிழ். அவர்களுடைய பூர்வீகக் கதை ஒன்று பழைய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளிலும் வருகிறது.

கதை இதுதான். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளர்களிடம் பெண் கேட்டார்கள். இவர்கள் ஏளனமாக மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிப்போனார்கள். ஏழு வேளாள ஆண்கள் நாய்களோடு தேடிக் கிளம்பினார்கள். "நாய் மட்டும் திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வெச்சுக்குங்க" என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள், நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்று பழி தீர்த்து ஊர் வந்து பார்த்தால், வீட்டில் கருமாதியே முடிந்து மனைவிகள் விதவைக் கோலத்தில் இருக்கிறார்கள். செத்தவன் எப்படி வீட்டுக்குள் நுழைவது? வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறிவிட்டார்கள்.

பாலாற்று வெள்ளத்தையும் நாயையும் மறக்காத இந்தக் கதை, அந்த வேடர் பெண்களை ஒரே வரியில் கடந்துபோகிறது. என் மண்டையைக் குடைந்தது அந்த ஒரு வரிதான்.

மலையில் ஓர் ஆயா வாசலில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். "கொட்டைய எடுத்துப் போட்டுடணும்பா, தோலுதான் மருந்து" என்றார். சித்த மருத்துவமும் அதையேதான் சொல்கிறது, கடுக்காயின் கொட்டை ஆகாது. திரிபலாவில் நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்வது இந்தத் தோல்தான். ஆனால் காட்டுக் கடுக்காயெல்லாம் மருந்துக்குப் போனதில்லை. அதன் துவர்ப்புச் சத்து தோலைப் பதப்படுத்தும். மலைக்கு வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிலுக்கு ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் ஆதாரம். ஆவாரம்பட்டையில் மட்டும் பதமான தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும், அதைத் தடுக்கத்தான் கடுக்காய். குரோம் உப்பு வந்த பிறகு இந்தத் தேவை குறைந்தது.

"யார் சொல்லிக்குடுத்தாங்க?" என்று ஆயாவைக் கேட்டேன்.

"எங்கம்மா. அவங்களுக்கு அவங்கம்மா."

காஞ்சிபுரத்து நெல்வயலில் வளர்ந்தவனுக்குக் காட்டுக் கடுக்காயை எப்போது பறிப்பது, எங்கே காயவைப்பது என்று யார் சொல்லியிருப்பார்கள்? கதையை அப்படியே நம்பினால், காடு தெரிந்தவர்கள் அந்தப் பெண்கள்தான். இது என் ஊகம், நிரூபணம் இல்லை. கதையே வரலாறு ஆகிவிடாது என்பதும் தெரியும்.

ஆனாலும் இது வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்லும் விஷயமில்லை. "காஞ்சியிலேர்ந்து வந்தவங்கதானே, இவங்க எப்படிப் பழங்குடி?" என்று கேட்பவர்கள் தூக்கிப் பிடிப்பது இதே கதையைத்தான். அப்பா வழியை மட்டும் படித்துவிட்டுக் கேட்கிற கேள்வி அது. பட்டியலிலோ கணக்கே வேறு. 1976ல் திருத்திய பழங்குடிப் பட்டியல் மலையாளிகளை மாவட்டப் பெயர் சொல்லித்தான் சேர்த்தது: வட ஆற்காடு, தென்னாற்காடு, சேலம், தர்மபுரி, திருச்சி, புதுக்கோட்டை. அன்றைய கோவை மாவட்டம் அதில் இல்லை. அதனால் இன்று ஈரோட்டில் இருக்கும் பர்கூர் மலை மலையாளிகள் விடுபட்டுப்போனார்கள்.

ஆயாவிடம் அந்த ஏழு பேர் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுங்க பேரு இன்னா?" என்றார். கையேட்டில் இல்லை என்றேன். அடுத்த கடுக்காயை எடுத்துக் கல்லில் வைத்தார்.