தொட்டி நீரும் வெள்ளீயத் தலையும்

வெள்ளீயச் சுரங்கங்களை அடுத்து வளர்ந்த ஊர் ஸ்ரீ கெம்பாங்கான். இந்நாட்டு நீர்நிலைகளில் வாழும் சிறுமீன் ஒன்றை மலாய்க்காரர் ‘கெப்பாலா தீமா’ என்பர். ‘வெள்ளீயத் தலை’ என்பது பொருள். உச்சியில் மின்னும் வெண்புள்ளியே காரணம்.

வாசலில் தாமரைத் தொட்டி வைப்போர்க்கு இம்மீன் நல்ல காவல். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ், தேங்கிய தெளிநீரில் பெருகும் கொசு. அதன் முட்டை காய்ந்த தொட்டியிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நீர்பட்டால் பொரிந்து, ஏறக்குறைய பத்து நாளில் கொசுவாகும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். தாமரை வேரூன்றிய தொட்டியில் அஃது எளிதன்று. அங்கே மீனே துணை. மேல்நோக்கிய வாயுடைய இம்மீன், மூச்சுவிட மேலெழும் கொசுப்புழுக்களை உண்டுவிடும்.

தொட்டியின் வாய் அகன்றிருந்தால் நீரில் காற்று நன்கு கலக்கும். வெயில் பாதி, நிழல் பாதி வேண்டும். துள்ளும் மீனாதலின், விளிம்புக்கு நான்கு விரல் கீழே வலையிட்ட துளையொன்று அமைத்தால் மழைநீர் வழியும், மீன் தங்கும். இரை மிகுந்தால் புழுவைத் தேடாது, நீரும் கெடும்.

எனினும் பூச்சாடியின் அடித்தட்டுக்கு மீன் செல்லாது. வாரந்தோறும் அதைக் கவிழ்த்துக் கழுவுவது வீட்டார் கடன். 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டமும் அதையே வற்புறுத்துகிறது.