விஞ்ஞான ஆசிரியர் தலைமையாசிரியரானால்



சேலம் நகரின் செவ்வாய்ப்பேட்டையில் பல்லாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்துவிட்டு, பின்னர் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றவன் நான். அந்த மாற்றத்தின்போது நான் செய்த பிழை ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

சோதனைக் குழாயைப் பிடித்தவனுக்குப் பள்ளியை நடத்தத் தெரியுமா என்று கேட்போர் உண்டு. இங்கிலாந்தில் பௌதிகம் கற்பித்துவந்த சாண்டர்சன் என்பவர், 1892-ஆம் ஆண்டில் அவுண்டில் பள்ளியின் தலைமையாசிரியரானார். மாணவர் ஒருவரையொருவர் முந்துவதற்காகப் படிப்பதை அவர் விரும்பவில்லை; குழுவாகக் கூடிச் செய்து பார்க்கட்டும் என்று பட்டறைகளும் சோதனைக்கூடங்களும் எழுப்பினார். 1922-இல் லண்டனில் ஒரு சொற்பொழிவை முடித்த மேடையிலேயே உயிர் நீத்தார். அக்கூட்டத்துக்குத் தலைமை வகித்த எச். ஜி. வெல்ஸ் பின்பு அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். நம் நாட்டிலும், 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழுவின் தலைவர் கோத்தாரி ஒரு பௌதிகப் பேராசிரியரே.

இவர்களை எண்ணிப் பெருமிதத்தோடுதான் நாற்காலியில் அமர்ந்தேன். எதையும் அளந்து பார்ப்பது என் பழக்கம். ஆகவே முதல் வாரத்திலேயே, காலையில் தாமதமாக வருவோரைக் கணக்கெடுத்தேன். நாள்தோறும் முப்பது பேருக்குக் குறையவில்லை. மணி அடித்ததும் வாயிற்கதவைச் சாத்தச் செய்து, கைக்கடிகாரத்தோடு நானே அங்கு நின்றேன். ஒரு மாதத்தில் முப்பது ஐந்தாயிற்று! ஆசிரியர் கூட்டத்தில் அந்த எண்ணை நான் எவ்வளவு மகிழ்ச்சியோடு படித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் மாக்னசைட் என்னும் வெள்ளைக் கல்லை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். தூய மாக்னசைட் 84 கிராம் எடுத்து நன்றாகச் சுட்டால் எஞ்சுவது 40 கிராம்தான். மீதி 44 கிராம் அழிந்துவிடவில்லை. கரியமில வாயுவாக வெளியேறிவிட்டது. தட்டில் இருப்பதை மட்டும் நிறுப்பவன் கணக்கில் ஏமாறுவான். இதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிவந்த நான், பள்ளி வாயிலில் அதே விதமாக ஏமாந்தேன். தாமதமாக வந்தவர்கள் குறைந்தது உண்மை. ஆனால் அவர்களிற் பலர் நேரத்தில் வரத் தொடங்கவில்லை, வருவதையே நிறுத்திவிட்டார்கள். எட்டாம் வகுப்பு ஆசிரியை வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்து வைத்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மையார் ஒரு சொல்லும் பேசவில்லை.

அன்று மாலை செவ்வாய்ப்பேட்டைத் தெருக்களில் நடந்தேன். இவ்வட்டாரம் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்றது. பண்டிகைக் காலம் நெருங்கினால் வீட்டுத் திண்ணையிலும் பட்டறையிலும் நள்ளிரவு வரை வேலை நடக்கும். பிள்ளைகளும் கண்ணி கோத்துக் கொடுப்பார்கள். நள்ளிரவில் படுத்தவன் விடியலில் எப்படி எழுவான்? சோதனைக்கூடத்தில் ஒன்றை மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கலாம். பள்ளியிலோ, கதவு ஒன்றைச் சாத்தினால் மாறாமல் நிற்பது ஒன்றுமில்லை.

வாயிலில் நான் கடிந்து அனுப்பிய சிறுவன் ஒருவனை ஒரு பட்டறையில் கண்டேன். அவனுடைய தகப்பனார் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். பையன் தலை நிமிரவில்லை. வெகுநேரம் கழித்து, "வெள்ளி ஏன் சார் கறுக்குது?" என்று கேட்டான். முன்பொரு நாள் வகுப்பில் இதே கேள்வியை அவன் கேட்டதும், பாடத்தில் இல்லை என்று நான் உட்கார வைத்ததும் நினைவுக்கு வந்தன. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடிக் கறுப்பான வெள்ளி சல்பைடு உண்டாவதைச் சொன்னேன். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் கேட்டு வாங்கி, கறுத்த கொலுசு ஒன்றை அதில் இட்டுக் காட்டினேன். தகப்பனாரும் குனிந்து பார்த்தார்.

மறுவாரம் கதவைச் சாத்துவதை நிறுத்தினேன். பண்டிகை மாதங்களில் பிள்ளைகளை இரவு ஒன்பது மணிக்குமேல் வேலையில் வைக்கவேண்டாமென்று பெற்றோரை வீடு வீடாகச் சென்று கேட்டுக்கொண்டேன். சிலர் இசைந்தார்கள், சிலர் சிரித்தார்கள். எட்டாம் வகுப்பின் விஞ்ஞானப் பாடவேளை ஒன்றை எனக்கென வைத்துக்கொண்டேன். தாமதமாக வருவோர் மறுபடியும் இருபதுக்கு மேல் ஆனார்கள். அந்த எண்ணையும் ஆசிரியர் கூட்டத்தில் படித்தேன். நின்றுவிட்டவர்களில் பலர் திரும்பினார்கள். வெள்ளியைப் பற்றிக் கேட்ட சிறுவனும் வந்தான். இருவர் வரவேயில்லை.