வில்லோடு ஆப்பிரிக்கா செல்லுமுன்: முதல் வேட்டைப் பயணத்துக்கு என்ன தயாரிப்பு தேவை?

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் வில் வேட்டைக்குச் செல்பவர் பெரும்பாலும் 20 அல்லது 25 மீட்டர் தொலைவிலேயே அம்பு எய்கிறார். கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் காகித இலக்கு மூச்சு விடாது, காதைத் திருப்பாது, ஓடாது. குறி தவறினால் அங்கே குறைவது புள்ளி. இங்கே ஓர் உயிர் காயத்தோடு புதருக்குள் மறைந்துவிடும்.

மன்றங்களில் வில் பழகும் நம்மவர் சிலருக்கு இப்படியொரு பயணம் கனவாக இருக்கலாம். பணத்தைச் செலுத்துமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை பல.

எங்கே, எப்போது?

எல்லா ஆப்பிரிக்க நாடுகளிலும் வேட்டைக்கு அனுமதி இல்லை. கென்யா 1977இலேயே விளையாட்டு வேட்டையைத் தடை செய்துவிட்டது. தென்னாப்பிரிக்கா, நமீபியா ஆகியவற்றில் சட்டப்படி வில் வேட்டை நடக்கிறது. வெளிநாட்டவர் அங்கே தனியாக வேட்டையாட முடியாது. உரிமம் பெற்ற தொழில்முறை வழிகாட்டி உடன் இருக்க வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்காலமே வில்லுக்கு உகந்த காலம். மழை இல்லாததால் குட்டைகள் வற்றிவிடும். எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி விலங்குகள் வரும். அதன் அருகே அமைத்த மறைவிடத்தில் வேட்டையாளர் மணிக்கணக்கில் காத்திருப்பார். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அங்கே அதிகாலைக் குளிரில் விரல்கள் விறைத்துவிடும், விறைத்த விரலால் நாணைச் சீராக விடுவது கடினம்.

வில்லுக்கும் விதி உண்டு

நமீபியாவில் அம்பு கொண்டுசெல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலைச் சட்டமே வகுத்துள்ளது. ஸ்பிரிங்பாக் போன்ற நடுத்தர மான்களுக்கு 40 அடி-பவுண்டு. குடு, ஓரிக்ஸ் போன்ற பெரியவற்றுக்கு 65 அடி-பவுண்டு. யானை, காண்டாமிருகம், சிங்கம், சிறுத்தை, காட்டெருமை ஆகியவற்றை அங்கே வில்லால் வேட்டையாட அனுமதி இல்லை.

இந்த ஆற்றலைக் கணக்கிடுவது சுலபம். அம்பின் வேகத்தை, அதாவது ஒரு வினாடிக்கு எத்தனை அடி என்பதை, அதே எண்ணால் பெருக்க வேண்டும். வருவதைக் கிரெய்ன் கணக்கிலான அம்பின் எடையால் பெருக்கி, 450,240ஆல் வகுக்க வேண்டும். 450 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 29 கிராம் எடையுள்ள அம்பு 260 அடி வேகத்தில் சென்றால் விடை சுமார் 67. குடு மானுக்கான வரம்பை அது சற்றே தாண்டுகிறது.

ஆற்றலைக் கூட்டலாம் என்று தம் வலிமைக்கு மீறிய வில்லை வாங்குவது பலர் செய்யும் தவறு. மறைவிடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, உடலை ஆட்டாமல், மெதுவாக நாணை இழுக்க முடிகிற வில்லே சரியான வில்.

பயிற்சி எப்படி?

குறைந்தது மூன்று மாதமாவது பழக வேண்டும். நின்று எய்தால் போதாது. உட்கார்ந்தும், சிறிய சன்னல் வழியாகவும், மங்கிய வெளிச்சத்திலும் எய்து பார்க்க வேண்டும். பயிற்சி முனை பறப்பதுபோல் வேட்டை முனை பறக்காது. எனவே கடைசி வாரங்களில் வேட்டை முனையோடுதான் பழக வேண்டும். மறைவிடத்தின் உள்பகுதி இருட்டாக இருக்கும் என்பதால் கறுப்பு உடை உதவும்.

விலங்கின் உடலமைப்பையும் படங்களைக் கொண்டு படிக்க வேண்டும். ஆப்பிரிக்க மான்களின் இதயமும் நுரையீரலும் உடலின் முன்பக்கத்தில், முன்னங்காலுக்கு நேராகத் தாழ்வாக உள்ளன. உடலின் நடுவே குறி வைத்தால் அம்பு குடலில் பாயும். அந்த விலங்கு உடனே சாகாது. பல மணி நேரம் துடிக்கும்.

கால் வினாடி

நாண் எழுப்பும் ஒலி 25 மீட்டரைக் கடக்க 0.07 வினாடி போதும். அம்புக்கு ஏறத்தாழ 0.32 வினாடி தேவை. ஒலியைக் கேட்ட இம்பாலா மானுக்குக் கால் வினாடி கிடைக்கிறது. ஓடுவதற்காக அது உடலைத் தாழ்த்தும்போது அம்பு குறிக்கு மேலே போய்விடும். ஆகவேதான் மிரண்டு, காதை விறைத்து நிற்கும் விலங்கின் மீது எய்ய அனுபவமுள்ள வழிகாட்டி விடமாட்டார். அவர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். இதை மனத்தில் ஏற்காதவர் இந்தப் பயணத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

கட்டணம் பொதுவாக இரண்டு பகுதியாக இருக்கும். ஒன்று நாள் வாடகை. மற்றொன்று விலங்குக்கான கட்டணம். காயமடைந்த விலங்கு கிடைக்காமல் போனாலும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதே பெரும்பாலான இடங்களில் வழக்கம். இதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. வழிகாட்டியின் உரிமம் செல்லுபடியாகிறதா, அவருக்கு வில் வேட்டையில் அனுபவம் உண்டா, நிலத்தின் பரப்பளவு என்ன, விலங்குகள் அங்கேயே வாழ்பவையா அல்லது வேட்டைக்காகக் கொண்டுவந்து விடப்பட்டவையா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

லிம்போப்போவின் தாழ்நிலங்களில் மலேரியா உண்டு. கிழக்குக் கேப் பகுதியில் அது இல்லை. எங்கே செல்வதானாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செல்வது நல்லது.

கொம்பையோ தோலையோ கொண்டுவர நினைப்பவர்கள், புறப்படுமுன்பே மலேசியாவில் பெர்ஹிலித்தானிடமும் கால்நடைச் சேவைத் துறையிடமும், சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்திடமும் விசாரிக்க வேண்டும். அனுமதியின்றி வந்தால் பறிமுதலோடு வழக்கும் வரலாம். இறைச்சி பொதுவாக அந்தப் பண்ணைக்கே உரியது. அது வீணாவதில்லை, பணியாளர்களுக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் உணவாகிறது.

அங்கே கற்றதைத் திரும்பிவந்து தோட்டத்துப் பக்கம் சோதித்துப் பார்க்கும் எண்ணமும் கூடாது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம்.

ஒரு வாரம் காத்திருந்தும் ஓர் அம்புகூட எய்யாமல் திரும்புவோர் உண்டு. சரியான தருணம் வரவில்லை என்பதே காரணம். செலவழித்த பணத்தை நினைத்து அவசரப்பட்டு எய்வதைவிட, அம்பை மீண்டும் கூட்டுக்குள் வைப்பதே நல்ல வேட்டையாளருக்கு அழகு. புறப்படுமுன் பழகிக்கொள்ள வேண்டிய முதல் பாடமும் அதுதான்.