நோன்புக் கஞ்சியும் பிளாஸ்டிக் கவரும்: குடலின் காவலர்களுக்கு என்ன நேர்கிறது?

ரமளானில் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நிற்கும். முன்பு அந்த வரிசையில் தூக்குவாளிகள்தான் தெரியும். இப்போது பல ஊர்களில் ஆவி பறக்கும் கஞ்சியை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டிக் கொடுக்கிறார்கள். (ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பது தனிக்கதை.) கஞ்சியில் போட்ட கறி ஹலாலா என்று விசாரிக்கும் நாம், குர்ஆன் ஹலாலுடன் சேர்த்தே சொல்லும் 'தய்யிப்', அதாவது தூய்மையானது, நல்லது என்பதைப் பாத்திரம் வரை கொண்டு போவதில்லை.

பிளாஸ்டிக் என்றதும் புற்றுநோய், ஹார்மோன் கோளாறு என்றுதான் பேச்சு வரும். குடலில் இருக்கும் நோய் எதிர்ப்புத் திசுவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நம் உடலின் எதிர்ப்புச் செல்கள் குடலிலும் ஏராளமாக இருக்கின்றன. குறிப்பாகச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நிணநீர்த் திசு சிறு சிறு திட்டுகளாக அமைந்திருக்கிறது. 1677இல் இவற்றை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் கொன்ராட் பேயரின் பெயரால் 'பேயர் திட்டுகள்' என்கிறார்கள். குடலுக்குள் வரும் கிருமிகளையும் உணவுத் துகள்களையும் இத்திட்டுகள் மாதிரி எடுத்துப் பார்க்கும். எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பது அங்கே முடிவாகிறது. குடல் சுவரைக் காக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் செல்களும் இங்கேதான் பயிற்சி பெறுகின்றன. இந்தத் தீர்ப்பு பிசகினால் வீண் அழற்சி, ஒவ்வாமை போன்ற தொல்லைகள் தொடங்கும்.

இதில் பிஸ்பீனால்-ஏ (பிபிஏ) என்ற வேதிப்பொருள் தலையிடுகிறது. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் தாய் எலிகளுக்கு இதைக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில், குட்டிகளின் மலத்தில் ஐஜிஏ குறைந்திருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. ஒருவர் தினமும் உட்கொள்ளக்கூடிய அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்றிருந்ததை 0.2 நானோகிராமாகக் குறைத்தார்கள். அதாவது 20,000 மடங்கு குறைவு. இதற்கு அவர்கள் அடிப்படையாக எடுத்தது, எலிகளில் அழற்சியைத் தூண்டும் டிஎச்-17 என்ற எதிர்ப்புச் செல்கள் அதிகரித்ததைத்தான். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்காமல் 200 நானோகிராம் போதும் என்றது. அந்தக் கணக்கே பழைய அளவைவிட 20 மடங்கு குறைவு! 2025 ஜனவரியில், உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்தது.

ஆனால் எல்லா பிளாஸ்டிக்கிலும் பிபிஏ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பாலிகார்பனேட் எனப்படும் கெட்டியான கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், டின் உணவுகளின் உட்பூச்சு, கடையில் தரும் வழவழப்பான பில் காகிதம் ஆகியவையே இதன் முக்கிய இடங்கள். நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பல பாலிகார்பனேட்டே. கஞ்சிக் கவர் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகை, அதற்குப் பிபிஏ தேவையில்லை. இருந்தும் பிளாஸ்டிக்கில் சேர்க்கும் மற்ற வேதிப்பொருட்கள் சூட்டிலும் கொழுப்பிலும் எளிதாகக் கசியும். நம் கஞ்சியில் சூடும் உண்டு, தேங்காய்ப்பாலும் உண்டு. காகிதக் கப்பும் தப்பவில்லை. அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சுதான். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 100 மில்லி சுடுநீரை அதில் 15 நிமிடம் வைத்துப் பார்த்ததில் சுமார் 25,000 நுண்துகள்கள் நீரில் கலந்திருந்தன. 'பிபிஏ இல்லை' என்ற லேபிளையும் முழுதாக நம்பிவிட முடியாது. அதற்குப் பதிலாகச் சேர்க்கும் பிபிஎஸ், அமைப்பில் அதன் உடன்பிறப்பு.

குடலின் காவலர்களுக்குத் தீனி போடும் சத்துகளும் உண்டு. வைட்டமின் ஏ இல்லாமல் எதிர்ப்புச் செல்களுக்குக் குடலுக்குப் போகும் வழியே தெரியாது. பேயர் திட்டுகளில் உள்ள சில செல்கள் அதை ரெட்டினாயிக் அமிலமாக மாற்றி, அதன் மூலம்தான் மற்ற செல்களைக் குடலுக்கு அனுப்புகின்றன. ஈரல், முட்டை மஞ்சள் கரு, முருங்கைக்கீரை, கேரட் எல்லாம் இதற்கு உதவும். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற அமிலமாக்குகின்றன. வீண் அழற்சியை அடக்கும் செல்கள் பெருக இது வழி செய்கிறது. கஞ்சியில் போடும் வெந்தயம், பாசிப்பருப்பு, நோன்பு திறக்கும் பேரீச்சம்பழம், கொண்டைக்கடலைச் சுண்டல் எல்லாவற்றிலும் நார்ச்சத்து உண்டு, அல்ஹம்துலில்லாஹ். முட்டைக்கோஸ், காலிபிளவர், முள்ளங்கி வகைக் காய்களில் உள்ள ஒரு பொருளும் முக்கியம். அது உணவில் இல்லாத எலிகளில் குடல் சுவரின் காவல் செல்கள் குறைந்துபோயின, திரும்பக் கொடுத்தபோது தேறின. 2011இல் வெளியான ஆய்வு இது.

இவற்றை மாற்று மருந்தாக எண்ணி, கவரில் கஞ்சி வாங்கிக்கொண்டு கூடவே முட்டைக்கோஸ் பொரியல் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. மேலே சொன்ன குடல் ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. சத்துகள் திசுவைப் பலப்படுத்தும், உள்ளே போன வேதிப்பொருளை அவை துடைத்து எடுத்துவிடாது. வரவைக் குறைப்பதே முதல் வேலை.

அது அவ்வளவு கடினமும் அல்ல. பிபிஏ உடலில் தங்காது. பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, பிளாஸ்டிக்கும் டின்னும் தொடாத புதிய உணவை மூன்று நாட்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிபிஏ அளவு சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. பழைய உணவுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது.