பொய்ப்பல்லுக்கு அடியில் ஒரு மெத்தை

தோட்டத்து லயன்களிலும் ஹட்டன் கடைத்தெருவிலும், முன்வாயில் இரண்டு மூன்று பற்கள் மாத்திரம் எஞ்சியிருக்கும் மூதாட்டிமார் பலர் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று காலமெல்லாம் மென்ற வாய்கள். "மிச்சத்தையும் பிடுங்கிவிட்டு முழு செட்டாகப் போட்டால் தொல்லை விட்டது" என்பது வீட்டார் பேச்சு. அவசரப் பேச்சு அது.

வேர் இருந்தால்தான் அதைச் சுற்றியுள்ள தாடை எலும்பும் நிலைக்கும். 1978இல் குரம், ரூனி ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வொன்றில், கீழ்த்தாடை வேட்டைப்பற்களை விட்டுவைத்து அவற்றின்மேல் பொய்ப்பல் அணிந்தவர்களுக்கு 5 ஆண்டுகளில் முன்பக்க எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீற்றர் தேய்ந்தது. எல்லாப் பற்களையும் பிடுங்கியவர்களுக்கோ 5.2 மில்லிமீற்றர்! ஆகவே எஞ்சிய பல்லைக் குட்டையாக்கி, வேருக்குச் சிகிச்சை செய்து, அதன்மேல் பொய்ப்பல்லை அமர்த்துகிறார்கள்.

சிக்கல் இனித்தான். பல் அசையாது, முரசு அமுங்கும். ஒரு கல்லின்மேல் வைத்த பலகைபோல் பொய்ப்பல் ஆடுகிறது, முரசு புண்ணாகிறது. அதற்காகவே உட்பக்கத்தில் புதிய அடிப்படை, அதாவது ஒரு 'மெத்தை', இடுகிறார்கள்.

பொய்ப்பல் செய்யும் அதே கடின அக்ரிலிக்கையே மெத்தையாகவும் இடலாம். உறுதியானது, மலிவானது, துலக்குவதும் எளிது. ஆயினும் நோகும் முரசுக்கு அது இதம் தராது. வாயிலேயே வைத்து இறுக விடும்போது பல்லின் வளைவில் மாட்டிக்கொண்டால் கழற்றுவதே பெரும்பாடு.

மென்மையாக்கும் எண்ணெய் கலந்த அக்ரிலிக் போட்ட அன்று சுகமாக இருக்கும். அந்த எண்ணெய் உமிழ்நீரில் கசிந்துபோக, சில மாதங்களில் விறைத்துவிடும். புண் ஆறும்வரை சில நாட்களுக்கு மட்டும் இடும் இன்னும் மெதுவான வகையொன்றும் உண்டு. அதை நிரந்தரமென்று எண்ணி மாதக்கணக்கில் வைத்திருப்பது பிழை.

சிலிக்கோன் நீண்ட நாள் மென்மை குன்றாது. ஆனால் அக்ரிலிக்கோடு அது இலேசில் ஒட்டாது. ஓரம் பிரிந்தால் அழுக்கும் பூஞ்சையும் குடியேறி, விட்டுவைத்த பல்லையே அரிக்கும். ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றர் தடிப்பும் வேண்டும். அவ்வளவு குடைந்தால் மெல்லிய பொய்ப்பல் முறிந்துபோகலாம்.

எது சிறந்தது? நோகாத முரசுக்குக் கடின அக்ரிலிக்கே போதும் என்பேன். ஹட்டனில் ரயிலேறி நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குப் போய்வர, கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அடிக்கடி புதுப்பிக்கவேண்டிய மெத்தை அவருக்குச் சுமைதான். எலும்பு கூர்மையாகித் தாங்கவே முடியாதவருக்குச் சிலிக்கோன் தகும். அதுவும் தவறாமல் பரிசோதனைக்கு வருபவராயின்.

மெத்தை கேட்பதற்கு முன் ஒன்றைப் பார்க்கவேண்டும். வெற்றிலை மென்ற வாயில் இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணோ, வெண்படையோ, வாய் திறக்க இறுக்கமோ இருந்தால், "பல் உரசிய புண்" என்று விட்டுவிடாதீர்கள். அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். முதலில் பல்வைத்தியரிடம் காட்டுங்கள்.

மென்மையான மெத்தையை வெந்நீரிலோ வெளிற்றும் திரவத்திலோ ஊறவைக்கக்கூடாது. சவர்க்காரமும் மெதுவான தூரிகையும் போதும். இரவில் கழற்றிக் குளிர்ந்த நீரில் இடுங்கள். உள்ளே மறைந்திருக்கும் குட்டைப் பல்லையும் ஃபுளோரைட் பற்பசையால் நாளும் துலக்குங்கள். கண் மங்கிய மூத்தம்மாவுக்குப் பேத்திமார் துலக்கிவிடலாம்.